எட்டு போட்டாயிற்று, அப்புறம்?

போன வருடம் அக்கா மகனுக்குப் பதினெட்டு முடிந்தது. அந்த வாரமே எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தான். ஒரு மாதம் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட்டான், கார் டெஸ்டிலும் பாஸ். லைசென்ஸ் தபாலில் வந்த அன்று சாயங்காலமே, "மாமா, சாவி" என்று கையை நீட்டினான். கொடுத்தேன்.

திருச்சி தில்லைநகரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியை அவன் நன்றாகத்தான் ஓட்டினான். கியர் கரகரக்கவில்லை, ஒருமுறைகூட என்ஜின் ஆஃப் ஆகவில்லை. ஆனால் முன்னால் போன ஆட்டோவின் முதுகில் 'பிரசவத்திற்கு இலவசம்' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரைக்கூடப் படிக்க முடிகிற தூரத்தில் போனான்.

வண்டி நம் பேச்சைக் கேட்கிறதா என்பதைத்தான் டெஸ்டில் பார்க்கிறார்கள். ரோட்டில் இருக்கும் மற்றவர்கள் யாரும் நம் பேச்சைக் கேட்கப் போவதில்லை. அவர்கள் தப்பு செய்யும்போது நம் கையில் ஒன்றிரண்டு விநாடி மிச்சம் இருந்தால் தப்பிப்போம். அந்த விநாடிகளை எப்படிச் சேர்த்துவைப்பது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் இதை அப்படியே செய்து பாருங்கள்.

முதலில் காகிதம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் நிரந்தர லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், காரில் பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். பைக்கில் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

பதினெட்டு ஆகாத தம்பி தங்கையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. 'பக்கத்துக் கடைக்குத்தானே' என்பார்கள். பதினாறு வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியை மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இப்போது வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சி.சி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) ஒரு வருடத்துக்கு ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் அரசின் ஆப்களான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள், போனில் காட்டினால் போதும். வருடாவருடம் மறந்துபோவது இன்ஷூரன்ஸ்தான். தேதியைப் போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள்.

உட்காரும் விதம்

சாவியைத் திருகுவதற்கு முன் ஒரு நிமிடம். கிளட்சை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். தோள் சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருக்கட்டும். ஏர்பேக் வெடித்து விரிகிற வேகத்துக்கு அந்த இடம் வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் பானெட்டைப் பார்க்க ஆசைப்பட்டு ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்து உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் கண் பத்தடிக்கு அப்பால் போகாது.

பக்கக் கண்ணாடியில் நம் வண்டியின் உடம்பு ஒரு கீற்றுப்போலத் தெரிந்தால் போதும். பலர் பாதிக் கண்ணாடியில் தங்கள் கதவையே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

பெல்ட், பின்சீட்டுக்கும் சேர்த்து. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தபோது அவர் இருந்தது விலை உயர்ந்த சொகுசுக் காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் மோதும்போது மூட்டைபோல முன்சீட்டின் மேல் வந்து விழுவார். பாட்டி மறுத்தால், "போட்டால்தான் வண்டி கிளம்பும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். எங்கள் அம்மாவிடம் அது வேலை செய்தது.

இறங்கும்போது ஒரு சின்னப் பழக்கம்: கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் சைக்கிளோ பைக்கோ வருவது கண்ணில் படும்.

மூன்று விநாடி எண்ணுங்கள்

நான் முக்கியம் என்று நினைப்பது இதைத்தான். முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ கடக்கிற நொடியில், 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று முடிவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால், ரொம்பக் கிட்டே போகிறீர்கள். மழையிலும் இரவிலும் நான்கு ஐந்து வரை எண்ணலாம். வேகம் கூடினால் தூரமும் தானாகக் கூடும் என்பதால் மீட்டர் கணக்கு தேவையில்லை.

மருமகன் உடனே கேட்டான்: "இடம் விட்டா நடுவுல ஆட்டோ புகுந்துடும் மாமா." புகும். கண்டிப்பாகப் புகும். அவரைப் போக விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, மறுபடி மூன்று எண்ணுங்கள். பத்து வண்டி புகுந்தாலும் வீடு சேர ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஆகாது.

ஏன் மூன்று என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகிவிடும். அதில் சுமார் 25 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்து, காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45. அதுவே 80 என்றால் மொத்தம் 70 மீட்டரைத் தொடும். இதைவிடப் பயமுறுத்துவது வேறு. 60-ல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில், 80-ல் வந்தவரின் வண்டி இன்னும் 60-க்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இருபது கிலோமீட்டர் தூரம் போக 60-ல் இருபது நிமிடம், 80-ல் பதினைந்து. மிச்சம் ஐந்து நிமிடம்.

சென்னைக்குள் ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2023 நவம்பரிலிருந்து அங்கே காருக்கு 60, இரு சக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் யாராக இருந்தாலும் 30.

லாரி சீட்டில் பத்து நிமிடம்

இதை ஒரு டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தருவதில்லை. தெரிந்தவர் யாரிடமாவது லாரி இருந்தால், நின்றுகொண்டிருக்கும்போது டிரைவர் சீட்டில் ஏறி உட்காரக் கேளுங்கள். எங்கள் தெரு முனையில் மணல் லாரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மதித்தார். மருமகனை மேலே ஏற்றிவிட்டு, நான் என் பைக்கை லாரியின் இடதுபக்க முன்சக்கரத்தை ஒட்டி நிறுத்தினேன்.

"எங்க இருக்கீங்க மாமா?" என்றான். கையை ஆட்டினேன். தெரியவில்லை. பம்பருக்கு நேர் முன்னால் போய் நின்றேன். அப்போதும் தெரியவில்லை, ஹெல்மெட்டின் உச்சி மட்டும் ஒரு பந்து மாதிரி தெரிகிறது என்றான். பின்பக்கம் போனேன், சுத்தமாகக் காணோம். கீழே இறங்கியபோது அவன் முகம் மாறியிருந்தது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஆக: லாரியின், பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் பஸ்ஸின் இடதுபக்கச் சந்தில் புகுந்து முன்னால் போகாதீர்கள். அது இடது திரும்பினால் பின்சக்கரம் நீங்கள் இருக்கும் இடத்தின் மேல்தான் வரும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸைக் கடக்கும்போது, அதன் முன்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடிவரும் என்றே வைத்துக்கொண்டு, காலைப் பிரேக்கின் மேல் வையுங்கள்.

ஓவர்டேக் விஷயத்தில் என் கதை ஒன்று உண்டு. இருபது வயதில், காவிரிக் கரையை ஒட்டிப் போகும் கரூர் ரோட்டில், ஒரு பஸ்ஸுக்கு வாலைப் பிடித்தமாதிரி போய்க்கொண்டிருந்தேன். பொறுமை போய் வலதுபக்கம் எட்டிப் பார்க்க வண்டியை வெளியே எடுத்தேன். எதிரே லாரி. எப்படியோ வலதுபக்க மண்ணில் இறக்கி விழுந்தேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. பஸ்ஸுக்கு அவ்வளவு கிட்டே போயிருக்காவிட்டால், வெளியே எடுக்காமலே எதிரே வருவது தெரிந்திருக்கும். ஒதுங்கிப் பின்தங்கினால்தான் பார்க்க முடியும், பார்த்தால்தான் முந்த முடியும்.

நான்குவழிச் சாலை

அகலமாக இருக்கிறது என்று நம்பி முதல் மாதமே சென்னைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நம் நான்குவழிச் சாலைகளில் எதிரே வண்டி வராது என்பது பாதி உண்மைதான். யூ டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், ஊர்க்காரர்கள் ஓரமாக எதிர்த்திசையில் டிவிஎஸ் 50-ல் வருவார்கள், பெரும்பாலும் முன்னால் ஒரு புல்லுக்கட்டோடு. லாரிகள் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. நடுத்திட்டில் எதிர்வெளிச்சத்தை மறைக்க அரளியும் காகிதப்பூவும் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பூச்செடிக்கு நடுவே நடந்து நடந்தே உண்டான இடைவெளி ஒன்று ஊருக்கு ஊர் இருக்கும். மாடோ மனிதரோ அங்கிருந்துதான் வெளிப்படுவார்கள். சாலையோரம் ஊர்ப் பெயர்ப் பலகை, டீக்கடை, பஸ் நிழற்குடை எது தெரிந்தாலும் வலது ஓரத்தை விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

மாதம் பார்த்தும் ஓட்ட வேண்டும். தை மாதம் திண்டுக்கல் ரோட்டில் பழனிக்கும், சித்திரையில் சமயபுரத்துக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய ரோட்டு ஓரத்தில் நடப்பார்கள். கால் வலியில் தள்ளாடி நடப்பவர்கள் வெள்ளைக்கோட்டுக்குள்ளும் வந்துவிடுவார்கள். டெல்டாப் பக்கம் அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும், சுற்றிக் கல் அடுக்கியிருக்கும். நெல்லின் மேல் பிரேக் அடித்தால் வண்டி நிற்காது, வழுக்கும்.

ஒரு சின்ன எரிச்சலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு. பக்கவாட்டில் வருபவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துக்கொள்வார். அந்த நான்கு விளக்கும் வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு. நேராகப் போக ஒன்றும் போட வேண்டாம்.

இருட்டும் மழையும்

முதல் மூன்று மாதம் இரவில் ஊருக்கு வெளியே ஓட்ட வேண்டாம். அதற்குப் பிறகும், ஹெட்லைட் காட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் இரவின் வேகம். டிம்மில் ஓட்டினால் அந்தத் தூரம் ரொம்பக் குறைவு. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிரே ஹைபீம் அடித்து ஒருவர் வந்தால் நீங்களும் பழிக்குப்பழி அடிக்காமல், இடதுபக்க வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறையுங்கள்.

தூக்கம் பற்றி. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டி, விக்கிரவாண்டியில் சாப்பிட்டு, விடிவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரை உடம்பு தூங்கச் சொல்லும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உதவாது. கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே தூங்கியிருக்கிறீர்கள். டீக்கடை, பெட்ரோல் பங்க் என்று வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள்.

மழையில் மோசமானது முதல் தூறல். ரோட்டில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து குழைந்துவிடும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு கொஞ்சம் தேவலை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எவ்வளவு ஆழம் என்று வண்டியை விட்டுப் பார்க்க வேண்டாம். தண்ணீரில் என்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் என்ஜினே போய்விடும்.

பைக்காரர்களுக்கு

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால், முழங்கைக்குள் மூளை இருக்கிறதோ என்று தோன்றும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள், பட்டையை மாட்டுங்கள். மாட்டாவிட்டால் விழும்போது நீங்கள் போய்ச்சேருவதற்கு முன்பே அது தனியாகப் போய்விடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம்.

முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பாதிப் பேர் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு வருவதால் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். காலி மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்டில் நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிறமாதிரி படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். மணலிலும் திருப்பத்திலும் மட்டும் அதைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவர் கையில் அதிர்ந்தால் பயந்து பிடியை விடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது.

சைடு ஸ்டாண்டை எடுத்தோமா என்று கிளம்பும்போது ஒருமுறை காலால் தடவிப் பாருங்கள். துப்பட்டாவையும் புடவை முந்தானையையும் இடுப்பில் சொருகச் சொல்லிவிட்டு கிளம்புங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும்.

கூட வருபவர்கள், போன்

60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி போனைப் பார்த்தால், அரைக் கால்பந்து மைதானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாக அர்த்தம். மேப்பைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். அம்மா கூப்பிட்டால்கூட ஓரம் நிறுத்திப் பேசுங்கள். "ஓட்டும்போது எடுக்கமாட்டேன்" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் பதற மாட்டார்கள்.

தனியாக ஒழுங்காக ஓட்டும் பையன், மூன்று நண்பர்கள் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவான். 'மிதிடா' என்று ஒருவன் சொல்வான். முதல் ஆறு மாதம் ஒரே ஒரு நண்பனுக்கு மேல் ஏற்றாதீர்கள். குடித்தவன் சாவியைக் கேட்டால், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, ஆட்டோ பிடிக்கலாம் என்று பொய் சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் பொய் சொல்லலாம். குடித்து ஓட்டி முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

மலைக்குப் போவதானால்

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு நாற்பது, கொல்லிமலைக்கு எழுபது. குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போய்விடும். ஏறிவரும் வண்டிக்குத்தான் வழி. கருகிய வாடை வந்தால் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

இடித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கலாம். ஓடாதீர்கள். வண்டியை நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். யாருக்காவது அடி என்றால் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-லும் உதவி கிடைக்கும். அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை அழுத்திப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். காப்பாற்ற வந்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஓட்டிய வண்டி என்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்வது உங்கள் கடமை.

யாருக்கும் அடியில்லை, தகரம்தான் நசுங்கியது என்றால் நடுரோட்டில் நியாயம் பேச வேண்டாம். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், எதிர் வண்டியின் நம்பர் தெரியும்படி. பிறகு வண்டியை ஓரம் கட்டுங்கள். பட்டறையில் விடுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்குள் மெக்கானிக் பம்பரைக் கழற்றிவிட்டால், அப்புறம் பணம் வாங்குவது பெரும்பாடு.